பக்கத்து சீட்டின் பிரேக்

அம்மாவைப் பின்சீட்டில் நீளவாக்கில் உட்காரவைத்து, வீங்கியிருந்த வலது காலுக்கு அடியில் இரண்டு தலையணைகளைச் செருகிக் கதவைச் சாத்தியதும், முன்சீட்டு எனக்கு என்று ஆகிவிட்டது. அதில் நான் உட்கார்ந்து இரண்டு வருடம் இருக்கும். அது அம்மாவின் சீட்டு. டாஷ்போர்டை ஒட்டி முன்னுக்கு இழுத்து வைத்திருந்தாள். என் முழங்கால் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்று குனிந்தேன்.

"அதைத் தள்ளாதே. அங்கேயே இருக்கட்டும்," என்றாள் அம்மா.

"கால் இடிக்குதும்மா."

"இடிச்சா இடிக்கட்டும். ரோட்டைப் பார்த்து உக்காரு. பார்த்ததை அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே வா."

"கன்ட்ரோல் ரூம் திறந்தாச்சு," என்றார் அப்பா, சாவியைத் திருகியபடி.

எங்கள் வீட்டில் பழைய கிண்டல் இது. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் வண்டி நகர்ந்த நொடியிலிருந்து வாய் மூடாது. முன்னாடி பஸ். சிக்னல் சிவப்பு. இந்தப் பக்கம் சைக்கிள். நாய் படுத்திருக்கு. மேடு வருது, மேடு, மேடு. போன தடவை அக்கா வீட்டுக்குப் போனபோது நான் பின்சீட்டில் விரல்விட்டு எண்ணினேன். மூன்றரை மணி நேரத்தில் முந்நூற்றுப் பதினான்கு. அதில் நாய் மட்டும் நாற்பத்தொன்று. இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் அப்பா. ஊரில் பாதிப் பேர் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மனிதருக்கு, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருத்தி வழி சொல்லிக்கொண்டு வருவாள், அவரும் 'சரிங்க மேடம்' என்று கேட்டுக்கொண்டு ஓட்டுவார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் ஒரு முட்டாள் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. அம்மாவின் கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, போட்டால் ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்திவிடும். "பாதி உடைச்சுக் குடு, போதும்," என்றாள். அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் முழு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, கூடவே தண்ணீர் டம்ளரையும் நீட்டினேன். அவள் பார்க்காமல் விழுங்கினாள். அப்பா சிரிப்பை அடக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாலம் தாண்டறதுக்குள்ள எத்தனை?" என்று கேட்டார்.

"முப்பது."

"நான் இருபது. தோத்தவன் வண்டியைக் கழுவணும்."

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்கூலை மூடியபோது மூன்று கார்களில் இரண்டை விற்றுவிட்டு, இதை மட்டும் வைத்துக்கொண்டார். கூரையில் போர்டு மாட்டியிருந்த நான்கு ஓட்டைகளை மக்குப் பூசி அடைத்திருந்தார். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' எழுத்தைச் சுரண்டி எடுத்தும் பசை போகவில்லை, தூசு படிந்து அந்த எழுத்து கறுப்பாக இன்னும் இருந்தது. அதனால் ரோட்டில் எங்களுக்கு ஒரு தனி மரியாதை. லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போவான். போகும்போது, கற்றுக்கொள்ளும் அந்தப் பரிதாப ஜீவன் யார் என்று எட்டிப் பார்ப்பான். நரைத்த மீசையோடு அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்த வயதில் இது தேவையா என்பதுபோல் தலையை ஆட்டுவான். மாஸ்டர் சொல்லிக்கொடுக்கும் வண்டி என்பதால், ஓட்டுபவர் பக்கம் மட்டுமில்லாமல் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அம்மா அதன்மேல் கைப்பையை வைத்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன்.

பாலம் வருவதற்குள் இருபத்து மூன்று சொன்னாள். கடைசியில் சொன்னது பாதியில் நின்றது. "அந்தப் பக்கம் ஒரு வண்..." திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"கன்ட்ரோல் ரூம் மூடியாச்சு," என்றேன். "வண்டி கழுவறது என் தலையிலதான் விழுந்திருக்கு. ரெண்டு பேருமே தப்பு, ஆனா நீங்க பக்கத்துல வந்துட்டீங்க."

அப்பா சிரிக்கவில்லை. சீட்டில் முன்னுக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா?"

"முதுகு."

நான் ஏன் ஓட்டவில்லை என்று யாரும் கேட்கலாம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிற வேலை. ஒருநாள் வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு, ரயிலில் வந்திறங்கிய அக்காவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நன்றாக விடிந்திருந்தது. வெயில்கூட வந்துவிட்டது. மூன்று விநாடி தூங்கினேன். மூன்றுதான், அதற்கு மேல் இல்லை. ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் வண்டிக்குள் வந்தது. எனக்கு உதட்டில் இரண்டு தையல். அக்காவுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. விட்டேன் என்று சொல்வது பெருமை. போகவில்லை, அவ்வளவுதான். தூக்கம் மட்டும் பழைய கணக்குக்குத் திரும்பவே இல்லை. ஊர் விழித்திருக்கும்போது எனக்குக் கண் சொருகும். எல்லோரும் தூங்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

இப்போது அக்காவையும் அவளுடைய ஆறு வாரக் குழந்தையையும் அழைத்துவரத்தான் போய்க்கொண்டிருந்தோம். அவள் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குத் திரும்பிவிட்டார். மூன்று மாதம் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் போனில் அவள் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பாதானே ஓட்டறார்? நல்லாக் கேட்டுச் சொல்லும்மா." போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஸ்பீக்கரை அணைத்தாள், பதில் சொன்ன பிறகு.

ஊர் முடிந்து பெரிய ரோடு ஏறியதும் எனக்கு மனசு லேசானது. கார் ஒரு நல்ல அறை. வீட்டில் எந்த அறையிலும் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கே எல்லோரும் ஒரே திசையைப் பார்க்கிறோம். எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு, சொன்னது முன்னால் போகும் லாரியிடம்தான் என்பதுபோல் இருந்துவிடலாம். எனக்கும் அப்பாவுக்கும் நடந்த நல்ல பேச்செல்லாம் காரில் நடந்ததுதான். மற்றவர்களின் காரைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு. கண்ணாடி ஏற்றிவிட்டால் சுவர் எழுப்பிக்கொண்டதாக நினைத்து மூக்கு நோண்டுகிறவர்கள். பச்சை விழுவதற்குள் மனைவியோடு ஒரு முழுச் சண்டையை முடித்துக்கொள்கிறவர்கள். ஹாரனில் கெஞ்சுகிறவர்கள், ஹாரனில் திட்டுகிறவர்கள். ஒன்றுமே இல்லாத ரோட்டில், தான் இருப்பதைத் தனக்கே தெரிவித்துக்கொள்ள ஒருதரம் அடிக்கிறவர்கள்.

"நம்பர் ஆட்டம் ஆடலாமாப்பா?" என்றேன். முன்னால் போகும் வண்டியின் நம்பரை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்ட வேண்டும். யார் முதலில் சொல்கிறார்களோ அவருக்குப் புள்ளி. சின்ன வயதில் அக்காவும் நானும் சேர்ந்தும் அவரை ஜெயித்ததில்லை. எழுத்து தெரிவதற்கு முன்னாலேயே விடை சொல்லிவிடுவார்.

"நீ நம்பரைப் படி. நான் கூட்டறேன்," என்றார்.

எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு ஐந்து இரண்டு எட்டு. "நாலு." படித்து முடிப்பதற்குள் சொன்னார். பத்து வண்டி ஆடினோம். அப்புறம் ஒரு வெள்ளை வேன் முன்னால் வந்தது. அதன் பின்னால் போக ஆரம்பித்தார். வேன் அறுபதில் போனால் நாங்களும் அறுபது. அது ஒதுங்கினால் நாங்களும் ஒதுங்கினோம். இருபது கிலோமீட்டர் அப்படியே போனோம். ரோடு காலியாக இருந்தும் தாண்டவில்லை.

"தாண்டுங்கப்பா. பின்னாடி ஒருத்தன் முட்டிக்கிட்டு வரான்."

"இந்த வேன்காரன் நல்லா ஓட்டறான்டா. நல்ல டிரைவர் பின்னாடி போறது ஒரு சுகம். உனக்குப் புரியாது."

வேன் விளக்கைச் சிமிட்டிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் பிரியும் ரோட்டில் இறங்கியது. நாங்களும் இறங்கினோம்.

"அப்பா! நம்ம ரோடு நேரே!"

ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தார். சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி எங்களைத் தாண்டினான், என்னைப் பார்த்து என்னவோ கத்தினான். அப்பாவின் நெற்றியில், மயிர் தொடங்கும் இடத்தில், வியர்வை முத்துமுத்தாக நின்றது.

"போர்டு மாத்தி வெச்சிருக்கான்," என்றார்.

போர்டு பச்சையாக, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு, ரோட்டுக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். இனிமேல் முன்னால் வேன் கிடையாது. நாற்பதுக்கு இறங்கிவிட்டார். வெள்ளைக் கோட்டை ஒட்டியே போனார், சுவரைத் தடவிக்கொண்டு போகிற ஆள் மாதிரி. ஒரு வேகத்தடையை அப்படியே ஏறிக் குதித்தார். என் தலை கூரையில் மோதியது. அம்மாவின் தலையணை ஒன்று கீழே விழுந்தது. அவள் முழிக்கவில்லை. "புதுசா போட்டிருக்கான்," என்றார் அப்பா. வேகத்தடையின் பெயிண்ட் உரிந்து, தார் தேய்ந்து, கல் தெரிந்தது.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓட்டத் தகுதியில்லை என்று வீடே முடிவுகட்டிய ஒருவன், இருபத்தாறு வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடம் எந்த வாயால் கேட்பது?

டிராக்டர் என் பக்கமிருந்து வந்தது. ஒரு மரக்கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து மெதுவாக, பின்னால் நீளமான டிரெய்லரில் பலகைகளை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே நகர்ந்தது. ஓட்டியவன் எங்களைப் பார்த்தான். நிறுத்துவார்கள் என்று நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், அவ்வளவு தூரம் இருந்தது. அப்பா அதே நாற்பதில் போனார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமில்லை, அவசரமில்லை, ஒன்றுமே இல்லை. காலி ரோட்டைப் பார்க்கிற முகம். டிரைவர் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிகிற தூரத்தில் என் கால் தானாகக் கீழே போனது.

பெடல் அங்கே இருந்தது. சீட்டை முன்னுக்கு இழுத்து வைத்திருந்ததால் சரியாகக் காலுக்கு அடியில் இருந்தது. வண்டி கிறீச்சிட்டுக் குலுங்கி நின்று எஞ்சின் அணைந்தது. பலகைகளின் நுனிகளில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் ஆடியபடி கடந்து போனது.

அப்பா அந்தத் துணியைத்தான் முதலில் பார்த்தார். பார்த்தபோது அவர் உடம்பு பின்னுக்குப் போனது. நான் மிதித்து, வண்டி நின்று, எஞ்சின் அணைந்த பிறகு.

"ஏன்டா மிதிச்சே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானே மிதிச்சிருப்பேன்."

குனிந்து பெடலைப் பார்த்தேன். இரண்டு வருடமாகத் தொடாத பெடல் தூசு பிடித்து, இறுகிக் கிடக்க வேண்டும். இது வெண்ணெய் மாதிரி இறங்கியது. ரப்பரின் ஒரு ஓரம் தேய்ந்து பளபளத்தது.

அம்மா முனகினாள். "என்ன... என்ன வந்தது?"

"ஒண்ணுமில்ல," என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். பாத்ரூம் போக வேண்டும் என்றேன். அப்பாதான் இறங்கிப் போனார். ஓரமாக நிறுத்தியிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டு போனார். நடைபாதை விளிம்பு வந்ததும் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்து ஏறினார். இதை வீட்டில் எத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. பகலெல்லாம் போர்வைக்குள் இருப்பவன் எதைப் பார்ப்பான்?

"எத்தனை நாளா?" என்று கேட்டேன், திரும்பாமல்.

அம்மா புரியாததுபோல் நடிக்கவில்லை. "எட்டு மாசம்," என்றாள். நாக்கு குழறியது. "உன் பக்கத்து இடது கண் சுத்தமாப் போயிடுச்சு. அந்தப் பக்கக் கண்ணுல நேரா இருக்கறது மட்டும் தெரியும், மழைக் கண்ணாடியில தெரியற மாதிரி. போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். மிச்சத்தைக் காப்பாத்த சொட்டு மருந்து. வண்டி ஓட்டவே கூடாதுன்னு எழுதிக் குடுத்தார். அந்தக் காகிதத்தை மடிச்சு எங்க வெச்சார்னு எனக்கே தெரியாது."

"நீ விட்டுட்டியா?"

"விடலை. பக்கத்துல உக்காந்தேன்."

"கால் படியில பிசகினதுன்னு சொன்னியே."

"நம்ம வீட்டுல எத்தனை படிடா இருக்கு? ரெண்டு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "மார்க்கெட் ரோட்டுல ஒரு ஸ்கூட்டர்க்காரி, பின்னாடி குழந்தை. நான் மிதிச்ச மிதியில பிசகிடுச்சு. அவ எங்களைத் திட்டிட்டுப் போனா. உங்கப்பா ரெண்டு நாள் சாப்பிடலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நான் ஓட்டறேன்னு வருவே."

"வந்தா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கண்ணு தெரியாதவர் பக்கத்துல நான் முழிச்சிருந்தாப் போதும். தூங்கறவன் பக்கத்துல என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியலைடா."

இதைவிட மென்மையாக அதைச் சொல்ல வழி இல்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. சரியாக எடை போட்டிருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

"பாதி மாத்திரைதானே குடுத்தே?" என்றாள்.

"முழுசு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அக்காகிட்ட சொல்லிடாதே. பச்சைக் குழந்தையை வெச்சிருக்கா. அவளை இப்ப பயமுறுத்தக் கூடாது."

நான் இறங்கி, முன்னால் சுற்றிப் போய், ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் இன்னும் ஈரமாக இருந்தது. அப்பா வந்து கதவைத் திறந்தார். உள்ளே ஆள் இருப்பது அவருக்கு உடனே தெரியவில்லை, என் தொடையில் கை பட்டதும்தான் நின்றார்.

"எறங்குடா."

"மாட்டேன்."

"நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?"

"மூணு."

"எறங்கு."

"ஏங்க," என்றாள் அம்மா. "எனக்குத் தலை சுத்துது. என்னால இனிமே சொல்ல முடியாது. முடியாதவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. மிதிக்கறதுக்கு ஒரு பெடல் அந்தப் பக்கம் இருக்கு. யார் எங்க உக்காரறதுன்னு நீங்களே பேசி முடிங்க. நடு வழியில நின்னா அவ போன் பண்ணுவா."

பின்னால் பெட்ரோல் போட வந்தவன் ஹாரன் அடித்தான். அப்பா கதவைப் பிடித்தபடியே நின்றார். இரண்டாவது ஹாரன். மூன்றாவது. நான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தப்பட்டது. பானெட்டில் அவர் கை தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, சீட்டு எங்கே இருக்கிறது என்று முழங்காலால் அளந்து பார்த்து, பெடலில் கால் வைத்தார்.

"முதல் நாள் பாடம் ஞாபகம் இருக்கா?" என்றார். மாஸ்டர் குரல்.

இருந்தது. ஊரே சிரித்த பாடம் அது. கண்ணில் படுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். வாயில் வராதது கண்ணில் படவில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் 'பூனை, பூனை, பாட்டி, பந்து' என்று அலறிக்கொண்டு போவார்கள். மாடியில் துணி காயப்போட்டபடி அம்மா இருபத்தாறு வருடம் அதைக் கேட்டிருக்கிறாள்.

வண்டியை எடுத்தேன். கியர் முனகியது.

"சொல்லு."

"முன்னாடி பஸ்."

"எவ்வளவு தூரம்?"

"நூறு அடி இருக்கும்."

"அடி என்னடா அடி, நிலமா அளக்கறே? விநாடியில சொல்லு."

"நாலு விநாடி."

"போ."

மரங்களைச் சொன்னேன். கடைகளைச் சொன்னேன். ரோட்டோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைச் சொன்னேன். ஓர் இடத்தில் அப்பா சடாரென்று மிதித்தார். நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. "தண்ணித் தொட்டியோட நிழல்ப்பா," என்றேன். "நிழல்னா முன்னாடியே நிழல்னு சொல்லணும்," என்றார். அதன் பிறகு நிழல்களையும் சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய நிழல், சின்ன நிழல், பறவையின் நிழல். பறவை நிழல் வேண்டாம் என்றார்.

இரண்டு மணிக்கு அது வந்தது. எனக்குத் தெரியும் அது எப்படி வரும் என்று. கழுத்தின் பின்னால் யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல் ஆரம்பிக்கும். ரோட்டின் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கும். அந்தச் சுவர் வந்த காலையிலும் இப்படித்தான் இருந்தது, இதமாக. பயமாக இருந்திருந்தால் விழித்துக்கொண்டிருப்பேன்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் அப்பா.

"ரோட்டுல ஒண்ணுமில்லப்பா."

"அப்படின்னா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"சத்தமா."

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல." இரண்டு கிலோமீட்டர் அதையே கத்திக்கொண்டு ஓட்டினேன். அவர் கால் பெடலின்மேல் மிதிக்காமல், எடுக்காமல் நின்றது. அவர் கெண்டைக்கால் துடிப்பதைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை. அன்று அந்த ஒன்றைத்தான் சொல்லாமல் விட்டேன்.

கடைசிப் பத்து கிலோமீட்டரில் பொய்யைத் தயார் செய்தோம். அப்பாவுக்கு முதுகு வலி என்றாள் அம்மா. நேற்றிலிருந்து என்றார் அப்பா. இல்லை, இன்று வழியில்தான், நேற்றே என்றால் ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்பாள் என்றாள் அம்மா. முதுகில் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றி உண்மையாகவே விவாதித்தோம்.

அக்கா வீட்டுத் தெரு குறுகல். இரண்டு பக்கமும் மதில், வெள்ளையடித்தது. நடுவெயில். கேட்டுக்கு முன்னால், கால் பக்கத்தில் இரண்டு பைகளோடு, தோளில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் சிரிப்பு நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏன் இவன் ஓட்டறான்?" என்று அம்மாவிடம் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, வழியில," என்றாள் அம்மா. கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள்.

"அப்ப நீங்க இன்னிக்கு இங்கேயே இருங்க. நாளைக்கு நான் ரயில்ல வந்துக்கறேன். குழந்தையை வெச்சுக்கிட்டு நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்."

"அவன் நல்லாத்தான்டி ஓட்டிட்டு வந்தான்."

"எனக்கு எலும்பு சேர்ந்தது ஆறு மாசம் கழிச்சும்மா."

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அந்த வார்த்தை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. என் வாய் வறண்டிருந்தது, நாற்பது கிலோமீட்டராகக் கத்திய வாய்.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். முதுகு வலிக்காரர் இறங்குவதுபோல் இறங்கவில்லை, மறந்துவிட்டார். வண்டியின் பக்கவாட்டைத் தொட்டபடி நடந்து, வண்டி முடிந்த இடத்தில் கையை எடுத்தார். குரல் வந்த திசையில், தனியாக, ஐந்தாறு அடி வைத்தார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்காமல் நேராகப் போய் நின்றார்.

"எங்க, குடு, பார்ப்போம் பயலை," என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

அக்கா நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, மதிலைப் பார்த்து நீண்டன அந்தக் கைகள். உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி, தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று சரியாக விரிந்திருந்தன. வெற்றிடத்தில் அப்படியே காத்திருந்தன.

அக்கா அவர் கைகளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கைகளை. அப்புறம் கண்ணாடி வழியாக என்னை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கச் சொல்லவில்லை. அவள் தோளிலிருந்து குழந்தையை மெதுவாக இறக்கி, ஓசைப்படாமல் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து, கைகள் இருந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோனாள்.